அறிவித்தற் கடமையும் தொழில்வழி நோயும் – ஒரு வரலாற்று நோக்கு

தொழிற்சாலையொன்றிலே இயந்திரத்தில் அகப்பட்டு ஒருவன் கையை இழந்தால் அதனை மறைத்தல் எளிதன்று. உடன் வேலைசெய்வோர் பலர் அதற்குச் சாட்சிகளாவர். ஆனால், பத்தாண்டுகளாக ஈயத்தூசியைச் சுவாசித்த ஒருவன் கை சோர்ந்து, வயிற்றுவலியால் வருந்தி, ஒருநாள் வேலைக்கு வராது நின்றுவிடும்போது அதற்குச் சாட்சி சொல்ல எவருமில்லை. அவன் வீட்டிலே படுக்கிறான்; அவனது இடத்திற்கு இன்னொருவன் வந்துவிடுகிறான். அவனது மரணம் பதிவுசெய்யப்படும்போதுகூட அவன் செய்த தொழில் அம்மரணத்துடன் தொடர்புபடுத்தப்படுவது அரிது. தொழில்வழி நோயைப் பற்றி எழுதுமாறு எவரையேனும் சட்டம் கட்டாயப்படுத்தினாலன்றி அது எழுதப்படாமலே போய்விடும் என்பதற்கு வரலாற்றிற் சான்றுகள் பல உள.

தம்மிடம் வேலைசெய்வோருக்குத் தொழிலால் ஏற்படும் நோயினை அரசாங்கத்திற்கு அறிவித்தல் தொழில்கொள்வோரின் கடமை என்பது இன்று பல நாடுகளின் சட்டங்களிலே இடம்பெற்றுள்ள விதியாகும். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பும் அலுவலகக் கருமமாகவே தோன்றும். ஆயினும் அவ்விதியின் தோற்றத்தை ஆராயுமிடத்து, மறைக்கப்பட்ட ஒரு துன்பம் பொது உண்மையாக மாறிய வரலாறே அதுவென்பது புலனாகும். உண்மை வெளிப்பட்டால் எவருக்கு நட்டமோ அவரையே அவ்வுண்மைக்குச் சாட்சியாக்க முயன்றமை இச்சட்டத்தின் தனித்தன்மை. அம்முயற்சி எங்கே பயனளித்தது, எங்கே தோல்வியுற்றது, நமது நாட்டிலே அது எவ்வுருவம் பெற்றது என்பனவற்றை நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பை மனிதர் அறியாதிருந்தனர் என்று கூறமுடியாது. இத்தாலியின் மொடெனா நகரில் 1700 ஆம் ஆண்டிலே தொழிலாளர் நோய்கள் பற்றிய தமது நூலை வெளியிட்ட பேர்னாடினோ ரமசினி, குயவர், கண்ணாடி செய்வோர், சுரங்கத் தொழிலாளர், எழுத்தர் எனப் பல தொழிலினரின் நோய்களை வகைப்படுத்தி விளக்கினார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு ‘உன் தொழில் யாது?’ என்ற வினாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென வற்புறுத்தியவர் அவரே. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே சாள்ஸ் ரேனர் தக்றா என்னும் வைத்தியர் 1831 இல் இத்துறையில் ஒரு நூலை வெளியிட்டார். எனவே அறிவு இருந்தது. அது வைத்தியரின் நூல்களிலே தங்கியிருந்ததேயன்றித் தொழிற்சாலை வாயிலைக் கடந்து உள்ளே செல்லவில்லை.

கைத்தொழிற் புரட்சியின் தாயகமாகிய பிரித்தானியாவிலே 1833 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தொழிற்சாலைப் பரிசோதகர் நால்வர் நியமிக்கப்பட்டனர். 1844 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னுமொரு படி முன்சென்றது. விபத்தினாற் காயமுற்ற தொழிலாளி மறுநாட் காலை ஒன்பது மணிக்குள் வேலைக்குத் திரும்ப இயலாதவிடத்து, அவ்விபத்தைப் பற்றிச் சான்று வைத்தியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டுமென அது தொழிற்சாலையாளரைப் பணித்தது. அறிவித்தற் கடமையின் முதல் வடிவம் இதுவே. ஆனால், இச்சட்டத்தின் பார்வையிலே துன்பம் என்பது காயம் மட்டுமே. நஞ்சினாலும் தூசியினாலும் மெல்ல மெல்ல அழிந்தவர்களைச் சட்டம் காண்பதற்கு மேலும் ஐம்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. அக்காலப் பகுதியிலே நிகழ்ந்தவற்றுக்குத் தீக்குச்சிக் கைத்தொழில் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

தீக்குச்சியும் தாடையெலும்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே எங்கும் உரசிப் பற்றவைக்கக்கூடிய தீக்குச்சி வழக்கிற்கு வந்தது. அதன் தலையிலே வெண்பொசுபரசு சேர்க்கப்பட்டது. அப்பொருளின் ஆவி, குச்சிகளைத் தோய்ப்போரையும் பெட்டிகளில் அடைப்போரையும் நாள்தோறும் சூழ்ந்திருந்தது. சொத்தைப்பல்லுடையோரின் தாடையெலும்பை அது தாக்கியது. முதலிற் பல்வலியாகத் தொடங்கும் நோய், நாளடைவில் எலும்பை அழுகச்செய்து, முகத்தைச் சிதைத்து, தாங்கொணாத துர்நாற்றத்தை ஏற்படுத்தியது. தாடையெலும்பை அறுத்து அகற்றினாலன்றிப் பலர் உயிர்தப்ப முடியவில்லை. வியன்னா நகர வைத்தியர் லொறின்சர் 1845 இலேயே இந்நோயை விவரித்துவிட்டார்.

மாற்றுவழி அக்காலத்தில் இல்லாமலில்லை. தீங்கற்ற செம்பொசுபரசு 1840களிலே கண்டறியப்பட்டது. அதனைப் பயன்படுத்திச் சுவீடனில் 1855 அளவிலே காவற் தீக்குச்சி செய்யப்பட்டது. பின்லாந்து 1872 இலும் டென்மார்க் 1874 இலும் வெண்பொசுபரசுத் தீக்குச்சியைத் தடைசெய்தன. பிரித்தானியாவிலோ அது மலிவானது, எங்கும் உரசத்தக்கது, ஏற்றுமதிச் சந்தையில் விலைபோவது என்னும் காரணங்களுக்காகத் தொடர்ந்து செய்யப்பட்டது.

கிழக்கு இலண்டனிலிருந்த பிறையன்ற் அன்ட் மே கம்பனியில் 1888 யூலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதற்குச் சில நாட்களின் முன்னர், பின்னாளிற் சென்னை அடையாற்றிலிருந்து பிரமஞான சபையை வழிநடத்தியவரும் 1917 இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக விளங்கியவருமான அன்னி பெசன்ட், அத்தொழிற்சாலையின் நிலையைப் பற்றித் தமது பத்திரிகையில் எழுதியிருந்தார். பங்காளருக்கு 23 வீத இலாபம் வழங்கிய ஒரு கம்பனி சிறுமியரிடம் தண்டப்பணம் அறவிடுவதை அவர் அக்கட்டுரையிற் சுட்டிக்காட்டினார். வேலைநிறுத்தத்தின் முடிவிலே கிடைத்த வெற்றிகளுள் ஒன்று, உணவு உண்பதற்கெனத் தனியிடம் வேண்டுமென்ற கோரிக்கை ஏற்கப்பட்டமையாகும். பொசுபரசு படிந்த மேசையில் வைத்தே உணவுண்ண நேர்ந்தவர்களின் கோரிக்கை அது. எனினும் வெண்பொசுபரசு அகற்றப்படவில்லை. நோயாளர் எத்தனை பேர் என்ற கணக்கும் கம்பனிக்கு வெளியே எவரிடமும் இருக்கவில்லை.

1895 ஆம் ஆண்டுச் சட்டம்

1895 இல் இயற்றப்பட்ட தொழிற்சாலை, வேலைத்தலச் சட்டமே தொழில்வழி நோயை அறிவிக்கும் கடமையை முதன்முதலில் நிறுவியது. ஈய நஞ்சு, பொசுபரசு நஞ்சு, ஆசனிக்கு நஞ்சு, அந்திரக்சு ஆகிய நான்கு நோய்கள் அதில் இடம்பெற்றன. தொழிற்சாலையிலே பெற்றதாக நம்பத்தக்க இத்தகைய நோயுடைய ஒருவருக்குச் சிகிச்சையளிக்கும் எந்த வைத்தியரும் அதனைப் பிரதம பரிசோதகருக்கு அறிவித்தல் வேண்டும். அறிவித்தலொன்றுக்கு இரண்டு சிலிங் ஆறு பென்ஸ் வழங்கப்படும். அறிவிக்கத் தவறின் நாற்பது சிலிங் வரை தண்டம். தொழில்கொள்வோரும், விபத்தை அறிவிப்பது போன்றே, இந்நோய்களைப் பரிசோதகருக்கும் சான்று வைத்தியருக்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும்.

இச்சட்டத்தின் அமைப்புக் கூர்ந்து நோக்கற்பாலது. ஒரே உண்மைக்கு அது இரண்டு சாட்சிகளை ஏற்படுத்தியது. தொழில்கொள்வோர் மறைக்கக்கூடும் என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர். ஆகவே வைத்தியரையும் பணித்தனர். வைத்தியர், குறிப்பாகக் கம்பனியிடம் சம்பளம் பெறும் வைத்தியர், மௌனம் சாதிக்கக்கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரியாததன்று. ஆகவே தொழில்கொள்வோரையும் விடவில்லை. இரண்டு அறிவித்தல்களும் ஒத்துவராதவிடத்து, எங்கோ ஒரு மறைப்பு நிகழ்ந்துள்ளதெனப் பரிசோதகர் ஊகிக்க வழியேற்பட்டது.

மூன்றாவது சாட்சியாகிய தொழிலாளியைச் சட்டம் நம்பியிருக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. அதற்குக் காரணமிருந்தது. பல்வலி என்று சொன்னவள் பல்லைப் பிடுங்கிக்கொள்ளல் வேண்டும், இல்லையேல் வேலையை இழத்தல் வேண்டும் என்ற நிலையிருந்தபோது, தன் வலியைத் தானே மறைப்பதே அவளுக்கு வாழ்வாதாரமாயிற்று. நோயை அறிவிப்பதால் வேலை பறிபோகும் என்ற அச்சம் உள்ளவரை தொழிலாளியின் மௌனத்தை அவளது சம்மதமாகக் கொள்ள முடியாது.

சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டரை ஆண்டுகளுக்குள் அதன் உண்மையான சோதனை வந்தது. பொசுபரசு நஞ்சினால் இறந்த தொழிலாளி ஒருவனின் செய்தி 1898 இல் இலண்டன் பத்திரிகைகளிலே வெளியாயிற்று. விசாரணை தொடங்கியபோது, பிறையன்ற் அன்ட் மே கம்பனி பொசுபரசு நோயாளர் பதினேழு பேரைப் பற்றி அறிவிக்காதிருந்தமை தெரியவந்தது. அவர்களுள் ஆறு பேர் இறந்திருந்தனர். 1898 யூன் மாதத்திலே நீதிமன்றம் கம்பனியைக் குற்றவாளியெனக் கண்டு, செலவுகள் உட்பட ஏறத்தாழ இருபத்தைந்து பவுணை அறவிட்டது.

இறந்தோர் ஆறு பேர். தண்டம் இருபத்தைந்து பவுண். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குவோர் சட்டத்தின் வலுவின்மையைக் கண்டு நகைக்கவுங்கூடும். ஆனால், வழக்கின் பயன் தண்டப்பணத்தில் தங்கியிருக்கவில்லை. கம்பனி நோயுற்றோர் சிலருக்குச் சிகிச்சையும் உதவிப்பணமும் அளித்துவந்தமையும் அறியப்பட்டதே. தனிப்பட்ட முறையில் ஈகை செய்ய அது பின்னிற்கவில்லை. பகிரங்கமாக எண்ணிக் காட்டவே அது மறுத்தது. உதவிப்பணம் ஒரு நோயாளியின் வாயை அடைக்கப் போதுமானது. எண்ணிக்கையோ கைத்தொழில் முழுவதையும் கேள்விக்குள்ளாக்கும். இவ்வேறுபாட்டைக் கம்பனி நன்கு அறிந்திருந்தது.

பின்னர் நிகழ்ந்தவை இதனை மெய்ப்பிக்கின்றன. வழக்கையடுத்து உள்துறை அமைச்சின் சார்பில் தோர்ப், ஒலிவர், கனிங்காம் ஆகிய நிபுணர் மூவர் பொசுபரசுப் பயன்பாட்டை ஆராய்ந்து 1899 இல் அறிக்கை சமர்ப்பித்தனர். பிறையன்ற் அன்ட் மே கம்பனி 1901 இல் வெண்பொசுபரசைக் கைவிட்டது. 1906 இல் பேர்ண் நகரில் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கை வெண்பொசுபரசுத் தீக்குச்சியைத் தடைசெய்தது. பிரித்தானியா 1908 இல் தடைச்சட்டம் இயற்றி 1910 முதல் நடைமுறைப்படுத்தியது. இந்தியாவிலும் 1913 இல் அத்தகைய சட்டம் வந்தது. லொறின்சர் நோயை விவரித்த 1845 இலிருந்து நோயை அறிவிக்கும் சட்டம் வந்த 1895 வரை ஐம்பது ஆண்டுகள். அச்சட்டத்திலிருந்து தடைவரை பதினைந்து ஆண்டுகள். அறிவித்தல் ஒன்றே தடைக்குக் காரணம் என்று கூறுதல் மிகையாகும். தொழிலாளர் போராட்டம், பத்திரிகைகள், மாற்றுப்பொருள் ஆகியனவும் துணைநின்றன. எனினும், மறுக்கவியலாத எண்ணிக்கையொன்று அரசாங்கத்தின் கோவையில் ஏறிய பின்னரே ஏனைய காரணிகள் பலனளித்தன என்பது தெளிவு.

ஈயமும் தோமஸ் லெக்கும்

பொசுபரசின் வரலாறு ஒரு கம்பனியின் மறைப்பைக் காட்டுகிறது. அறிவித்தல் ஒழுங்காக நடைபெற்றால் யாது விளையும் என்பதை ஈயத்தின் வரலாறு காட்டுகிறது. 1898 இலே பிரித்தானியாவின் முதலாவது தொழிற்சாலை வைத்தியப் பரிசோதகராகத் தோமஸ் லெக் நியமிக்கப்பட்டார். நாடெங்குமிருந்து வந்த அறிவித்தல்களை அவர் தொழில்வாரியாக வகைப்படுத்தினார். வெள்ளீயம் செய்யும் ஆலைகள், மட்பாண்டத் தொழில், உருக்குதல், வண்ணம் பூசுதல் என எத்தொழிலில், எவ்வேலையில், எத்தனை பேர் நஞ்சுற்றனர் என்பது அட்டவணையாகக் கண்முன் விரிந்தது. எங்கே தூசியை உறிஞ்சும் காற்றுக்குழாய் அமைக்க வேண்டும், எங்கே பாண்டத்தின் மெருகுப்பூச்சில் ஈயத்தின் அளவைக் குறைக்க வேண்டும் என்பதை அவ்வட்டவணையே தீர்மானிக்க உதவியது. 1900 இல் அறிவிக்கப்பட்ட ஈய நஞ்சு நோயாளர் 1,058 பேர். 1910 இல் அத்தொகை 505 ஆகக் குறைந்தது. அறிவிக்கப்படாதோர் எந்த ஆண்டிலும் இருந்திருப்பர். ஆயினும் பத்தாண்டில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தமை தற்செயலானதன்று.

லெக் தமது அனுபவத்தின் வாயிலாகக் கண்ட முடிபு குறிப்பிடத்தக்கது. தொழில்கொள்வோர் தம்மால் இயன்றவற்றை எல்லாம் செய்து முடிக்கும்வரை தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யத்தக்கது ஏதுமில்லை என்பதே அதன் சாரம். தொழிலாளியின் அசுத்தமும் கவனயீனமுமே நோய்க்குக் காரணம் என்று கூறிவந்த காலத்திலே, ஆயிரக்கணக்கான அறிவித்தல்களை வாசித்த ஒருவர் எய்திய முடிபு இது.

ஆனால், பட்டியலுக்கு வெளியே நின்றவர்களும் இருந்தனர். சட்டம் தொழிற்சாலையையும் வேலைத்தலத்தையுமே குறித்தது. வீடுகளுக்கு வண்ணம் பூசுவோர் ஈயத்தால் நஞ்சுற்றோருள் முக்கிய பகுதியினராக இருந்தும், அவர்களுக்குத் தொழிற்சாலை இல்லாமையால் அவர்களது நோயை அறிவிக்கும் கட்டாயம் இருக்கவில்லை. 1926 ஆம் ஆண்டின் ஈயவண்ணச் சட்டத்தின் பின்னரே அவர்கள் அறிவித்தலுக்குள் கொண்டுவரப்பட்டனர். 1921 இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் வெள்ளீய வண்ணத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையொன்றை நிறைவேற்றியிருந்தது. பிரித்தானிய அரசாங்கம் அதனை ஏற்க மறுத்தபோது லெக் 1926 இலே தமது பதவியைத் துறந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நோயாளரை எண்ணிய ஒருவர், எண்ணியதன் பயனை அரசாங்கம் ஏற்க மறுத்தபோது விலகினார்.

அறிவித்தற் சட்டம் இல்லாத நாட்டின் நிலையை ஐக்கிய அமெரிக்காவிலே காணலாம். இலினோய் மாநிலத்தில் 1910 இல் ஈய நஞ்சை ஆராயப் புறப்பட்ட வைத்தியர் அலிஸ் ஹமில்டன், மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டியும் தொழிலாளரின் வீடுகளுக்கு நேரிற் சென்றும் நோயாளரைத் தேட நேர்ந்தது. அவ்வாறு அவர் கண்டறிந்தோர் 578 பேர். அடுத்த ஆண்டிலேயே இலினோய், கலிபோர்னியா முதலான சில மாநிலங்கள் அறிவித்தலைக் கட்டாயமாக்கின.

இலங்கைத் தோட்டங்களில் அறிவித்தல்

இனி நமது நாட்டின் நிலையை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் மாபெருந் தொழிற்றுறை பெருந்தோட்டமே. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே அதன் முதுகெலும்பு. 1865 ஆம் ஆண்டின் தொழிற் கட்டளைச் சட்டப்படி தக்க காரணமின்றி வேலைக்கு வராமை தண்டனைக்குரிய குற்றமாகும். அச்சூழலில் நோய் என்பது முதலிற் சந்தேகத்திற்குரியது. பிரட்டுக்களத்திற்கு வராதவன் நோயாளியா, சோம்பேறியா எனத் தீர்மானிப்பவர் துரையும் கங்காணியுமே.

தொழிலாளரின் மரணவீதம் கண்டனத்திற்குள்ளானபோது குடியேற்ற அரசாங்கம் தலையிட நேர்ந்தது. 1872 இல் தோட்ட மாவட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1912 இல் இத்துறையில் மேலும் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. அவற்றின்படி தோட்டத்துரை லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல் வேண்டும். தோட்டத்திலுள்ள நோயாளரைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும். கடும்நோய் ஏற்படின் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைத்தல் வேண்டும். பிறப்பையும் இறப்பையும் அவருக்கு அறிவித்தல் வேண்டும். ஆகவே, தொழிலாளரின் நோயைப் பற்றிய தொழில்கொள்வோரின் கடமை இலங்கைக்குப் புதிதன்று. ஒரு வகையில் நோக்கின் இங்கிலாந்தின் 1895 ஆம் ஆண்டுச் சட்டத்தினும் இது பரந்தது. நான்கு நோய்களுக்கு மட்டுப்பட்டதன்று.

எனினும் இரண்டிற்குமிடையே அடிப்படை வேறுபாடொன்று உண்டு. இங்கிலாந்தின் சட்டம் நோயினூடாகத் தொழிலை விசாரித்தது. அறிவித்தல் பரிசோதகருக்குச் சென்றது; அவர் ஆலைக்கு வந்து, தூசி எங்கிருந்து எழுகிறது என்று பார்த்தார். இலங்கையின் சட்டம் தொழிலாளியின் உடலையே விசாரித்தது. அவன் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான், சுகமடைந்தால் மலைக்குத் திரும்பினான். மலையிலே அவனை நோயுறச் செய்தது யாது என்ற வினா அப்படிவத்தில் இடம்பெறவில்லை.

கொக்கிப்புழு நோயின் வரலாறு இதனை நன்கு விளக்கும். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு, குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குவது. கோண்வால் மாவட்டச் சுரங்கத்தொழிலாளரிடையே 1902 அளவில் இந்நோய் கண்டறியப்பட்டது. 1906 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், ஈயம், இரசம், பொசுபரசு, ஆசனிக்கு, அந்திரக்சு ஆகியவற்றோடு இதனையும் சுரங்கத்தொழிலின் நோயாக ஏற்று நட்டஈட்டுக்குரியதாக்கியது. அதே புழு இலங்கைத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோரைப் பீடித்திருந்தது. 1916 இலே றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவுடன் மாத்தளைப் பகுதியில் ஒழிப்பியக்கம் தொடங்கியது. மருந்து வழங்குதல் எளிதாயிற்று. லயங்களுக்குக் கழிப்பறை அமைக்கும் செலவை ஏற்பதிலேயே தோட்டக்காரர் தயங்கினர். தொழிலாளி இந்தியாவிலிருந்து கொண்டுவந்த நோய், அவனது பழக்கவழக்கத்தின் விளைவு என்ற விளக்கமே மேலோங்கியது. கோண்வாலிலே தொழிலின் நோயாகக் கொள்ளப்பட்டது கண்டிமலைநாட்டிலே தொழிலாளியின் குறையாகக் கொள்ளப்பட்டது. புழுவின் இயல்பு இரண்டு இடத்திலும் ஒன்றே. நட்டஈடு கோரும் சட்ட உரிமையே வேறுபட்டது.

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இந்நிலையில் ஓரளவு மாற்றத்தை ஏற்படுத்தின. பிரித்தானியாவின் 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் பின்பற்றிய இரண்டாவது சட்டம், கைத்தொழில் நோய்களை அறிவிக்கும் கடமையைத் தொழிற்சாலையாளர்மீதும் வைத்தியர்மீதும் சுமத்தியது. இலண்டன் தீக்குச்சிப் பெண்களின் துன்பத்திலிருந்து பிறந்த விதி, அரைநூற்றாண்டின் பின் இலங்கைச் சட்டநூலிலும் இடம்பெற்றது. ஆனால், தொழிற்சாலை என்ற சொல்லின் எல்லையும் உடன்வந்தது. தேயிலைத் தொழிற்சாலை அதனுள் அடங்கும்; தேயிலை மலை அடங்காது. கொழுந்து அரைப்பவனின் நோய்க்கு அறிவித்தல் உண்டு. கொழுந்து பறிப்பவளின் நோய்க்கும், செடிக்கு மருந்து தெளிப்பவனின் நோய்க்கும் அச்சட்டத்தில் இடமில்லை. இங்கிலாந்தின் வண்ணம் பூசுவோர் 1926 வரை நின்ற அதே வெளியிலேயே இவர்கள் நிறுத்தப்பட்டனர்.

பட்டியலும் இந்நாட்டுத் தொழில்களிலிருந்து எழுந்ததன்று. வைத்தியர் சி. ஜி. உறகொட 1970 இலே தேயிலைத் தொழிற்சாலையின் தூசியால் ஏற்படும் ஆஸ்துமாவைப் பற்றி எழுதினார். காரீயச் சுரங்கத்தொழிலாளரின் நுரையீரல் நோய், கறுவா பதனிடுவோரின் ஆஸ்துமா, மிளகாய் அரைப்போரின் உபாதைகள், இலவம்பஞ்சுத் தொழிலாளரின் சுவாச நோய் என அவரும் அவருடன் சேர்ந்தோரும் செய்த ஆய்வுகள் நம் நாட்டுத் தொழில்வழி நோய்களின் வரைபடமாக அமைந்தன. ஈயமும் பொசுபரசும் இருந்த பட்டியலிலே கறுவாவும் காரீயமும் இருக்கவில்லை. இவ்வறிவு தொழில்கொள்வோர் அனுப்பிய படிவங்களிலிருந்து திரண்டதன்று. ரமசினியின் வினாவை மறவாத வைத்தியர்கள் தேடிச்சென்று சேர்த்தது.

பூச்சிகொல்லிகளின் வரலாறும் இத்தகையதே. ஜே. ஜெயரத்தினமும் அவருடன் இணைந்த ஆய்வாளரும் 1982 இல் வெளியிட்ட ஆய்வு, 1975 முதல் 1980 வரையான காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சால் இலங்கையின் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டதையும், அவர்களுள் ஏறத்தாழ ஆயிரவர் இறந்ததையும் வெளிப்படுத்தியது. இவற்றுட் பெரும்பகுதி தற்கொலை முயற்சிகள். ஏறத்தாழ நாலிலொரு பங்கு தொழிலின்போதும் தற்செயலாகவும் நேர்ந்தவை. மருத்துவமனை வரை வராத மயக்கமும் வாந்தியும் தலைவலியும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. மருத்துவமனைகளிலே திரண்ட இத்தகைய தரவுகளின் துணையோடு பிற்காலத்திற் சில கொடிய நஞ்சுகள் விலக்கப்பட்டன. மொனோகுரோட்டபொசு, மெதமிடபொசு ஆகியன 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும், பரகுவாட் 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாகவும் தடைசெய்யப்பட்டன. எண்ணிக்கை தடைக்கு இட்டுச்செல்லும் என்ற தீக்குச்சியின் பாடம் இங்கும் மெய்ப்பட்டது. ஆயின், இங்கு எண்ணியது மருத்துவமனை. வயலிலும் தோட்டத்திலும் வேலைகொண்டோர் அல்லர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிபுகள் சில. அறிவித்தற் கடமை தானாக நோயைத் தடுப்பதில்லை. தண்டனையின் வலிமையும் அதற்குப் பெரிதாக இருந்ததில்லை. ஆனால், அது இல்லாதவிடத்து ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு வீட்டின் தனித்துயராக முடிந்துவிடுகிறது. அது உள்ளவிடத்தும் மூன்று வழிகளால் அதன் பயன் குன்றுகிறது. முதலாவது, 1898 இற் கண்டதுபோன்ற நேரடி மறைப்பு. இரண்டாவது, பட்டியலின் குறுக்கம். மூன்றாவது, தொழிற்றலம் என்ற சொல்லின் வரையறை. முதலாவதை நீதிமன்றம் கண்டிக்கும். ஏனைய இரண்டும் சட்டத்தின் சொற்களிலேயே உறைந்திருப்பதால் எவரும் குற்றவாளியாவதில்லை. வண்ணம் பூசியவனும் கொழுந்து பறித்தவளும் எவருடைய பொய்யினாலும் மறைக்கப்படவில்லை, வரைவிலக்கணத்தால் மறைக்கப்பட்டனர்.

தொழில்வழி விபத்துகளையும் நோய்களையும் பதிந்து அறிவித்தல் பற்றிச் சர்வதேசத் தொழில் நிறுவனம் 2002 இல் தனியானதொரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. 2022 இல் பாதுகாப்பும் சுகாதாரமுமுள்ள தொழிற்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவும் அது சேர்த்தது. அவ்வுரிமை ஏட்டளவில் நில்லாதிருக்க வேண்டுமாயின், நோயாளியின் பெயரோடு அவர் செய்த வேலையும், அவ்வேலையிற் கையாண்ட பொருளும், வேலைகொண்டவரின் பெயரும் எழுதப்படல் வேண்டும். நமது பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறும் மருத்துவரும் சட்டத்தரணிகளும் நிருவாகிகளும் நாளை அப்படிவங்களை எழுதுவோராகவும் வாசிப்போராகவும் இருப்பர். நிரப்பப்பட்ட படிவத்தை மட்டுமன்றி, எத்தொழிலிலிருந்து படிவமே வருவதில்லை என்பதையும் கவனித்து, அதன் காரணத்தை வினவுவது அவர்களது பொறுப்பாகும்.